மகன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்த காலை

எனக்குச் சிரிக்க வராது. கர்வம் என்று நினைக்காதீர்கள். முகத்தை அசைக்கும் நரம்பு பிறவியிலேயே வேலை செய்யவில்லை. கண்ணும் முழுதாக மூடாது. மிக அரிதான நோய், மருந்தில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதோடு சந்தேகக் குணமும் சேர்ந்து வளர்ந்தது. முள்ளிவாய்க்காலில் கடல் தொழில் செய்யும் ஒருவர் என்னை விரும்பிக் கேட்டபோது, இவரிடம் என்ன குறையோ என்று ஒரு வருடம் விசாரித்துத்தான் சம்மதித்தேன்.

போன பங்குனியில் மகன் பிறந்தான். என் நோய் அவனுக்கு இல்லை என்றார்கள். நம்பாமல் இன்னொரு டொக்டரிடமும் காட்டினேன்.

பிறகுதான் கணவரின் தாயை, மாமியைக் கவனித்தேன். பிள்ளை பால் குடித்து முடித்ததும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். "நீ படு பிள்ளை, களைச்சுப்போனாய்" என்பார். பாசம் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏன் அவரிடம்? ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் மாமி சொன்னது காதில் விழுந்தது.

"தாயின்ர முகத்தைப் பாத்துத்தானே பிள்ளை சிரிக்கப் பழகும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. மகனுக்கு இரண்டு மாதமாகியும் சிரிப்பு வரவில்லை. நித்திரையில் மட்டும் உதடு விரியும். "நரி வெருட்டுது" என்பார் மாமி. தூங்கும் பிள்ளைக்குக் கனவில் நரி வந்து விளையாட்டுக் காட்டுமாம். நரிக்குச் சிரிக்கிறான், பெற்றவளுக்கு இல்லை.

சுவாமியறையில் வற்றாப்பளை அம்மாளின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். "அம்மாளாச்சி, இந்தப் படத்தில உன்ர முகமும் அசையிறேல்லை. எண்டாலும் நீ சிரிக்கிறாய் எண்டுதானே சனம் சொல்லுது. என்ர பிள்ளைக்கும் என்னை அப்பிடித் தெரியப் பண்ணு." அவளை முழுக்க நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நாள் தவறாமல் கேட்டேன்.

அம்மாள் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முந்திய கிழமை, ஒரு காலை. மாமி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். மகன் என் மடியில் விழித்துக் கிடந்தான். குரலுக்குச் சிரித்தான் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாதே என்று, சத்தம் காட்டாமல் குனிந்தேன். உற்றுப் பார்த்தான். பொக்கை வாய் மெல்ல விரிந்தது. மாமி பின்னால் நின்று விளையாட்டுக் காட்டுகிறாரோ என்று சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. மறுபடி குனிந்தேன். மறுபடியும் சிரித்தான்.

"மாமி, ஓடி வாங்கோ."

"நரியாயிருக்கும்" என்றபடி வந்தவர், அவன் விழித்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ர முகத்தைப் பாக்கக்கூடாதெண்டுதானே தூக்கிக்கொண்டு போனீங்கள்?"

"ஓம் பிள்ளை. பயந்தனான்." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் அம்மாள்தான் செய்தாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பொங்கலுக்குத் தலையில் பாற்செம்பு எடுத்துக் கோயிலுக்கு நடந்தேன். பிள்ளையோடு மாமி பக்கத்தில் நடந்து வந்தார். என் முகம் இருந்தபடியேதான் இருக்கிறது. ஆனால் சால்வையால் மூடிக்கொண்டு சந்தைக்குப் போவதை விட்டுவிட்டேன்.

அடியார்களே, நம்பிக்கை போதாது என்று கோயில் வாசலில் தயங்காதீர்கள். நான் சந்தேகத்தோடுதான் போனேன். உங்களுக்கு வேண்டியதை அவளிடம் நேரே கேளுங்கள். அவளும் ஒரு காலம் கையில் சிலம்போடு அரசனிடம் நியாயம் கேட்டுப் போனவள்தானே.