பாரன் தீவின் ஆடுகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். கைக்குழந்தையோடுதான் அவள் திரும்பி வருவாள். என் மனைவிக்கு அதில் விருப்பமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து அரசு மருத்துவமனை நடக்கிற தூரம். அவளுடைய ஊரோ கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டி, கல்வராயன் மலையின் காலடியில் இருந்தது. பேருந்து நிற்கும் இடத்துக்கு வரவே வண்டி கட்ட வேண்டும்.

"நான் இங்கியே இருந்துக்கறனே. அம்மாவ வரச் சொல்லலாம். ஆஸ்பத்திரி பக்கத்துலயே கீது" என்றாள்.

"ஊர் இன்னா சொல்லும்? தாய்வூட்டுக்குக்கூட அனுப்பாம வெச்சிக்கினான்னு பேச மாட்டாங்களா?" என்றேன்.

ஊர் ஒன்றும் பேசியிருக்காது. என் ஊர்ப்பயம் பொய். எனக்கு ஒரு கப்பல் பயணம் காத்திருந்தது.

அப்போது நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். சென்னையில் படித்த காலத்து நண்பர்கள் சிலர் காட்டுயிர் பார்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள். அந்தமானுக்குக் கிழக்கே கடல் நடுவே இரண்டு எரிமலைத் தீவுகள் இருக்கின்றன, பாரன் தீவு என்றும் நார்கொண்டம் என்றும். போர்ட் பிளேரிலிருந்து ஒரு சிறிய கப்பலில் அவற்றைச் சுற்றிவர அந்த நண்பர்கள் அனுமதி வாங்கியிருந்தார்கள். நார்கொண்டத்தில் வாழும் இருவாச்சிப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. ஒருவர் வர முடியாமல் போனதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. மழைக்காலத்துக் கடல் என்று அவர் பயந்திருக்கலாம். நான் அதை யோசிக்கவில்லை. தலைமையாசிரியரிடம் மனைவிக்குப் பிரசவம் என்று சொல்லி விடுப்பு வாங்கினேன். மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

சாலை மறியல் அறிவிப்பு எனக்குத் தெரியாததல்ல. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ஒரு வாரம் சாலைகளை மறிக்கப் போவதாக ஊர்ச் சுவர்களிலெல்லாம் தாரால் எழுதியிருந்தது. கோரிக்கை நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். வளைகாப்புச் சாப்பாட்டின்போது மனைவியின் தம்பி என்னிடம் கேட்டான். "படிச்சவரு நீங்க சொல்லுங்க மாமா. ஒரு வாரம் மறிக்கணுமா? ஒரு நாள் போதாதா?"

"ஒரு நாள் மறிச்சா மறுநாளே மறந்துடுவாங்க. ஒரு வாரம் நின்னாத்தான்டா திரும்பிப் பாப்பாங்க."

அவன் கூட்டாளிகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புறப்படுகிற அன்று அவளை அவள் வீட்டில் பார்த்துவிட்டு வந்தேன். கொட்டிலில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. பாரன் தீவிலும் ஆடுகள் இருப்பதாகவும், எந்தக் காலத்திலோ கப்பல்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை அங்கே பெருகிவிட்டதாகவும், ஆனால் அங்கே நல்ல தண்ணீர் கிடையாது என்றும் சொன்னேன். ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவள் அவள். முகத்தைச் சுளித்தாள்.

"தண்ணி இல்லாத எடத்துல ஆடு எப்டிங்க பொழைக்கும்?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்."

"சீக்கிரம் வாங்க. ஆடு எங்கியும் ஓடிடாது, இது ஓடியாந்துடும்" என்று வயிற்றைத் தொட்டுக்காட்டிச் சிரித்தாள். கை நிறைய வளையல்.

கப்பலின் சமையல்காரர் எலவனாசூர்கோட்டைக்காரர். நான் கள்ளக்குறிச்சி என்று தெரிந்ததும் தட்டில் எனக்கு மட்டும் ஒரு துண்டு மீன் கூடுதலாக விழ ஆரம்பித்தது. சமையலறையில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். இரைச்சலுக்கு நடுவே எப்போதாவது சென்னைச் செய்தி கேட்கும்.

பாரன் தீவை ஒரு பகலில் அடைந்தோம். கடலிலிருந்து நேராக எழுந்த கரிய மலை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கூம்பு. அலை பெரிதாக இருந்ததால் படகை இறக்க முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். கப்பல் தீவைச் சுற்றி மெதுவாகப் போயிற்று. ஆடுகளை முதலில் பார்த்தவன் நான்தான். எரிகுழம்பு உறைந்த பாறைகளின் வழியாக வரிசையாக இறங்கிக் கரைக்கு வந்தன. தலையைக் குனிந்து நுரையில் வாயை வைத்தன. "கடல் தண்ணியைத்தான் குடிக்குதுங்க" என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். எல்லோரும் தொலைநோக்கியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

மேலே ஒரு பாறை விளிம்பில் ஒரு குட்டி மட்டும் நின்றுவிட்டது. தாய் எப்படி இறங்கியது என்று அதற்குத் தெரியவில்லை. முன்காலை நீட்டும், பின்வாங்கும். வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் எங்களுக்கு எட்டவில்லை. ஒருவர், "இறங்குடா, இறங்குடா" என்று கப்பலிலிருந்து கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே மேல்தளத்துக்கு வந்தார்.

"வாத்தியாரே, நம்ம பக்கம் மரத்தையெல்லாம் வெட்டி ரோட்ல சாச்சிட்டானுங்களாம். பஸ்ஸு லாரி ஒண்ணும் ஓடலயாம். சில எடத்துல துப்பாக்கிச் சூடுன்னு ரேடியோல சொல்றான். ஊரே பத்திக்கினு எரியுது, நீ இன்னாடான்னா இங்க வந்து ஆட்டப் பாத்துக்கினு நிக்கறே!"

நான் சிரிக்கவில்லை. "என் சம்சாரம் முழுகாம இருக்கா" என்றேன்.

"எத்தினி மாசம்?"

"ஒம்போது."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஒம்போது மாசத்துல உட்டுட்டு வந்தியா?"

"அவ அம்மா வூட்ல இருக்கா. மலையடிவாரம்."

"அப்ப சரி. மலையடியில மறிக்க இன்னா ரோடு கீது? ஒண்ணும் ஆவாது, போ" என்றார். சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார்.

வயர்லெஸ் அறைக்குப் போனேன். போர்ட் பிளேருக்குச் செய்தி சொல்லலாம், அங்கிருந்து தந்தியாகப் போகும் என்றார் அங்கிருந்தவர். என்ன செய்தி என்று கேட்டார். எனக்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை. நலமா என்று கேட்டால் பதில் எங்கே வரும்? அவளைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போங்கள் என்றால் எந்தச் சாலையில் போவார்கள்? கடைசியில் "ஜாக்கிரதை" என்கிற பொருளில் ஏதோ சொல்லி அனுப்பினேன். சாலை திறந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, அது அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

கப்பலைத் திருப்பச் சொல்லி நண்பர்களிடம் கேட்டேன். "பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றார்கள். அப்படிச் சொன்னது நான்தான். திரும்பிப் பார்த்தபோது தீவின் அந்தப் பக்கம் மறைந்திருந்தது. குட்டி இறங்கியதா என்று தெரியாது.

நார்கொண்டம் முழுக்க மேகம். இரண்டு இருவாச்சிகள் மரங்களுக்கு மேலே பறந்து மறைந்தன. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் வழியாக ஆண் இரை ஊட்டும், குஞ்சு வளரும்வரை ஆண்தான் எல்லாம் என்று ஒரு நண்பர் உற்சாகமாக விளக்கினார். அதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இது பருவமில்லை, பொந்துகள் காலியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். தொலைநோக்கியை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கண்ணில் வைத்தேன். எதையும் பார்க்கவில்லை.

போர்ட் பிளேரில் எனக்கு ஒரு தந்தி காத்திருந்தது. மனைவி கள்ளக்குறிச்சி மருத்துவமனையில், உடனே வரவும். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தந்தியில் சொல்லைச் சிக்கனம் பண்ணியிருப்பார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. சென்னைக் கப்பல் தன் வேகத்தில்தான் போயிற்று. இந்தக் கடலின் மேல் எந்த மரத்தையும் யாரும் வெட்டிப் போடவில்லை, ஆனாலும் நான் போய்ச் சேரவில்லை.

விழுப்புரம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் புளியமரங்கள் இருந்த இடத்தில் அடிமரங்கள் மட்டும் நின்றன. ஓரத்தில் புரட்டிப் போட்ட கிளைகளில் இலை காய்ந்து உதிர்ந்திருந்தது. பேருந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் என் பள்ளியின் கணக்கு ஆசிரியர் எதிரே வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார், பையனா பொண்ணா?"

என் விடுப்பின் காரணம் பள்ளிக்கே தெரியும். நான் வாயைத் திறந்தேன், மூடினேன்.

"அட, அப்பாவுக்கே தெரியலயா? எந்த ஒலகத்துல சார் இருக்கறீங்க?" என்று சிரித்தபடி முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மருத்துவமனை வாசலில் மனைவியின் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் நிமிரவில்லை.

"மாமா, நான்தான் வெட்டனேன்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அணைக்கு அந்தப் பக்கத்து வளைவில் இரண்டு புளியமரங்களை அவனும் கூட்டாளிகளும் சாய்த்திருக்கிறார்கள். மறுநாள் போலீஸ் வருகிறது என்று கேள்விப்பட்டு ஊரிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் மலைக்கு ஓடிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் அவளுக்கு வலி கண்டது. என் மாமியாரும் நாலைந்து பெண்களும் வண்டி கட்டினார்கள். ஓட முடியாத கிழவர் ஒருவர் ஓட்டினார். முதல் மரத்தடியில் மாடு நின்றுவிட்டது. பெண்களே அவளைத் தூக்கி மரத்தைத் தாண்ட வைத்தார்கள். அந்தப் பக்கம் நடந்தார்கள். இரண்டாவது மரத்தடியில் அவளால் முடியவில்லை. அங்கேயே உட்கார வைத்து மறைப்புக்குச் சேலை பிடித்தார்கள். பிறகு யாரோ வேறொரு ஊரிலிருந்து வண்டி கொண்டு வந்து அவளைக் காப்பாற்றினார்கள். அவளை மட்டும்.

"ஆம்பளப் புள்ள மாமா. நாங்க நாலு பேர் இருந்திருந்தா கட்டில்ல வெச்சித் தூக்கியாந்திருப்பமே. மலை மேல குந்திக்கினு இருந்தேன் மாமா. எனக்குத் தெரியவே தெரியாது. எதுனா சொல்லுங்க. செருப்பால அடிங்க."

"விடுறா. உனக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் மறிக்கச் சொன்னவன் நான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்தவளை மலையடிக்கு அனுப்பியவன் நான். அதை அங்கே சொல்லியிருந்தால் அவன் பாரம் பாதியாவது குறைந்திருக்கும். மன்னிக்கிறவனுடைய இடம் காலியாக இருந்தது, நான் போய் அதில் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் அவன் எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. "ஏன்டா தரையில குந்தற?" என்று அவள் கேட்டால், "இதுவே போதும்க்கா" என்பான். நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருப்பேன். போன ஆண்டு அவன் இறந்துபோனான். அவன் தலைமாட்டில் நின்றபோதுகூட அந்தப் பேச்சு என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்க அவன் இல்லை.

அன்று வார்டுக்குள் போனேன். சன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மணிக்கட்டில் கீறல் கீறலாகக் காய்ந்த ரத்தம். மரத்துக்கு மேல் தூக்கியபோது வளையல்கள் உடைந்ததாக மாமியார் சொன்னார். ஒரு கையில் இரண்டு மிச்சமிருந்தன.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. ஏன் போனீர்கள் என்று அவள் கேட்டுவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். வெளியே பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனது. சாலை திறந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஆடுங்களப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தண்ணிக்கு இன்னா பண்ணுது?"

"கடல் தண்ணியக் குடிக்குதுங்க."

"உப்புத் தண்ணியவா?" என்றாள். "குட்டிங்களும் அதையேவா குடிக்குது?"

பாறை விளிம்பில் நின்ற அது என் கண் முன்னால் வாயைத் திறந்து மூடியது.

"குட்டி எதையும் நான் பாக்கல" என்றேன்.