கட் பண்ணினால் கேட்டதாக அர்த்தம்

எங்கள் தெருவில் ஷீலாவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வைத்தவன் நான்தான். முடிச்சூரில் அவள் வீட்டுக்குக் கீழே எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். பெயர் உமர். மாடியில் அவள் தனியாக இருக்கிறாள், முப்பத்தாறு வயது, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், படி இறங்கி வந்துவிடுவாள்.

"பாய், மழை பெரிசா வருமா?"

"என்னக் கேட்டா? நான் இன்னா வானிலை ஆபீஸா வெச்சுகினு கீறேன்?" என்று எரிந்து விழுவேன். படியேறிப் போவாள். பத்து நிமிடத்தில் மறுபடி வந்து அதையே கேட்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. 2015 வெள்ளத்தில் இதே தெருவில் தரைத்தள வீட்டில் இருந்தார்கள். கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் அப்பாவை உட்காரவைத்து, கழுத்தளவு தண்ணீரில் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். மீட்டு எடுத்தபோது அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட அவர் இருக்கவில்லை. "யாராவது ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா போதும் பாய்" என்பாள். இன்றைக்கும் ஆவணங்களை பிளாஸ்டிக் பையில் போட்டு, சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏரித் தண்ணீர் எங்கள் தெருக் கால்வாய்க்குத் திரும்புகிற இடத்தில் ஒரு சிறு பாலம் உண்டு. அதன் தூணில் அதைப் பொருத்தி, தன் வீட்டு இன்டர்நெட்டோடு வயர் இழுத்து இணைக்கச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே பொருத்திக் கொடுத்தேன். தூணில் மூன்று கோடுகளும் போட்டோம். தண்ணீர் இரண்டாம் கோட்டைத் தொட்டால், தெருவில் உள்ள நாற்பத்தாறு வீடுகளுக்கும் வீட்டுக்கு ஒன்றாகச் செய்தி கிளம்பும். அந்தச் செய்திகள் இன்டர்நெட்டில் ஓரிடத்தில் போய் வரிசையில் நிற்கும். ஷீலா எழுதிய புரோகிராம் அங்கே அவற்றை எடுத்துக்கொண்டு, வீடு வீடாக போன் அடிக்கும்.

"அப்ப உன் கம்ப்யூட்டர் ராத்திரி பகலா ஓடிகினே இருக்கணுமா?"

"இல்ல பாய். இதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டரே கெடையாது. செய்தி வந்தா புரோகிராம் எழுந்திருக்கும். வேலைய முடிச்சிட்டுப் படுத்துக்கும். நாப்பத்தாறு செய்தி வந்தா, ஒரே நேரத்துல நாப்பத்தாறு தடவை எழுந்திருக்கும்."

"யாரும் போன எடுக்கலன்னா?"

"விடாது. முடிஞ்சதுன்னு புரோகிராம் சொல்ற வரைக்கும் அந்தச் செய்தி அழியாது. மறுபடி வந்து எழுப்பும், மறுபடி போன் அடிக்கும். அதுதான் பாய் இதுல எனக்குப் பிடிச்சது." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயமே இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

போனில் வருவது அவள் குரல்தான். "தண்ணீர் இரண்டாம் கோட்டைத் தொட்டுவிட்டது. கேட்டால் ஒன்றை அழுத்துங்கள்." ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பதினொரு மணிக்கு ஒத்திகை நடக்கும்.

இந்த ஏற்பாட்டை அதிகம் நம்பியவர் தெருக்கோடியில் இருக்கிற தனம் அக்கா. கீழே விழுந்து இடுப்பு போனதிலிருந்து படுக்கைதான். கணவர் துரைக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் வேலை. இரண்டாம் ஷிப்ட் வந்தால் மதியம் ஒன்றரைக்கு வெளியே பூட்டிக்கொண்டு, சாவியை என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். பார்த்துக்கொள்கிற பெண் வர ஆறு மணி ஆகிவிடும். நடுவில் தண்ணீர் ஏறினால் தனத்துக்கு போன் வரும், எனக்கும் வரும், நான் சாவியோடு போக வேண்டும் என்று பேச்சு.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது எங்கள் பழக்கம். இங்கே ஒருத்தர் போன் அடித்தால் கட் பண்ணுவோம். 'பாத்துட்டேன், தெரியும்' என்று அதற்கு அர்த்தம். ஊரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. புரோகிராமுக்கு அது தெரியுமா? கட் பண்ணினால் 'இன்னும் முடியவில்லை' என்று எடுத்துக்கொண்டு மறுபடி அடிக்கும். ஒரு சனிக்கிழமை கடையில் கூட்டம், நான் ஏணிமேல் நிற்கிறேன், பன்னிரண்டு தடவை அடித்தது. இறங்கி நேராக மாடிக்குப் போய்க் கத்தினேன்.

"பேஜாரா கீது ஷீலா. நான் கடைய நடத்துறதா, உன் போனையே எடுத்துகினு குந்திருக்கறதா? கட் பண்ணா கேட்டுட்டோம்னு அர்த்தம். அப்படியே எழுது."

"வேணாம் பாய், பயமா இருக்கு. ஒன்னு அழுத்தினாத்தான் கேட்டாங்கன்னு நிச்சயம்."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? எழுதலன்னா அந்தக் கருவியப் புடுங்கிப் போட்டுருவேன்."

அவள் கண் கலங்கியது. அன்று சாயங்காலமே மாற்றி எழுதிவிட்டாள். எடுக்காமல் சட்டென்று முடிந்த அழைப்பு எதுவானாலும் கேட்டதாகக் கணக்கு. அந்தச் செய்தியை அழித்துவிட்டுப் புரோகிராம் படுத்துக்கொள்ளும். அடுத்த வாரம் எல்லோரும் ஒரே அடியில் கட் பண்ணினோம். நிம்மதியாக இருந்தது.

போன டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மதியம் துரை சாவியைக் கொடுத்தபோது தெருவில் கணுக்காலளவுகூடத் தண்ணீர் இல்லை. மூன்று மணிக்குமேல் கடைக்குள் ஏற ஆரம்பித்தது. பீர்க்கன்கரணைப் பக்கம் ஏரி நிரம்பி வழிகிறது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மின்விசிறிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஷீலா வீட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். தனம் நினைவு வராமல் இல்லை. போன் வந்தால் போகலாம் என்று இருந்துவிட்டேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசிப் பெட்டியோடு மேலே போனபோது ஷீலா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டு முடித்த வீடு திரையில் பச்சையாகும். நாற்பத்தாறும் பச்சை.

"அப்புறம் என்ன? எல்லாரும் கேட்டுட்டாங்க" என்றேன்.

"நாலு செகண்ட்ல பாய்." திரையில் நேரத்தைக் காட்டினாள். "நாலு செகண்ட்ல நாப்பத்தாறு பேரும் எப்படிக் கட் பண்ணுவாங்க?" திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்க பேரும் பச்சையா இருக்கு. உங்களுக்கு போன் வந்துச்சா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மழையில் டவர் போயிருக்கிறது. ஷீலா வீட்டு இன்டர்நெட் கேபிளில் வருவதால் கருவியும் திரையும் வேலை செய்தன, அவளுக்கு அது தெரியவில்லை. நாங்கள் கட் பண்ணினாலும், டவர் செத்து அழைப்பு போகாமலே திரும்பினாலும், புரோகிராமுக்கு வருகிற பதில் ஒன்றுதான்: எடுக்கவில்லை, முடிந்தது. ஒரு வீட்டிலும் போன் அடிக்கவில்லை. எல்லாச் செய்தியும் அழிந்துவிட்டது. இனிமேல் எதுவும் வந்து அதை எழுப்பாது.

"தனம் அக்கா" என்றாள்.

மற்ற வீடுகளில் கண்ணால் பார்த்து மாடிக்கு ஏறியிருப்பார்கள். அந்த வீடு மட்டும் வெளியே பூட்டியிருக்கிறது. சாவி என் மேஜை டிராயரில் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் கடையில் தொடையளவு தண்ணீர், டிராயர் பலகை ஊறிப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. இழுத்தேன், உதைத்தேன், அழுகை வந்துவிட்டது. கடைசியில் கடப்பாரையால் மேஜையை உடைத்துச் சாவியை எடுத்தேன்.

திரும்பினால் ஷீலா தண்ணீரில் நிற்கிறாள். மழையில் படி இறங்கவே நடுங்குகிறவள். பல் கிட்டிக்கொண்டது. "விட்டுராதீங்க பாய்" என்று என் கையைப் பிடித்தாள். தெருக்கோடிக்கு இருநூறு அடிதான். இடுப்பளவு நீரோட்டத்தில், பள்ளம் எது, திறந்த சாக்கடை எது என்று தெரியாமல், சுவரைத் தடவித் தடவிப் போனோம். வழியெல்லாம் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டே நடந்தேன். யா அல்லாஹ், என் வாயால் ஒரு உயிர் போகக் கூடாது.

பூட்டு திறந்தது. தண்ணீர் தள்ளியதில் கதவு திறக்கவில்லை, இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். உள்ளே கட்டில் பாதி மூழ்கி, மெத்தை ஊறிக்கொண்டிருந்தது. தனம் அக்கா போனை நனையாமல் நெஞ்சுமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியம்.

"இன்னா ஷீலா, நீயே வந்துட்ட? உன் போனு வரவே இல்லியே. போனு வரலன்னா தண்ணி இதுக்கு மேல ஏறாதுன்னு நெனச்சுகினு இருந்தேன். கத்தக்கூட இல்ல பாரு."

ஷீலா கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்புக்கா" என்றாள். "நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஷீலா வீட்டில் படுக்கவைத்தோம். மழையால் கம்பெனியில் பாதியிலேயே விட்டும் துரை வந்து சேர ஏழு மணி ஆனது, பெருங்களத்தூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். மனைவியைத் தொட்டுப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். பிறகு, தஞ்சம் வந்திருந்த தெருக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஷீலாவைப் பிடித்துக்கொண்டார்.

"உன்ன நம்பித்தானம்மா பூட்டிகினு போனேன்? யாரக் கேட்டு மாத்துன? யாரு சொன்னா உன்ன மாத்தச் சொல்லி?"

அவள் தலை குனிந்தே நின்றாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் மூன்றடி தள்ளித் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

இப்போது அந்த விதி இல்லை. ஒன்றை அழுத்துகிற வரைக்கும் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அழைப்பு போகவே இல்லையென்றால், பாலத்தில் நான் மாட்டிக் கொடுத்த சைரன் ஊதும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏணிமேல் இருந்தாலும் இறங்கி வந்து அழுத்திவிட்டுப் போகிறேன். துரை மட்டும் அன்றிலிருந்து ஷீலாவோடு பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார், தன் மனைவியைக் காப்பாற்றியவன் நான் என்று எல்லோரிடமும் சொல்கிறார். சாவியை இன்னும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்.

மாற்றச் சொன்னவன் நான் என்று அவருக்குத் தெரியாது. நேரில் சொல்ல எனக்குப் பயம். அதனால்தான் இதை எழுதினேன். நாளை மதியம் சாவி கொடுக்க வரும்போது அவர் கையில் இதைக் கொடுக்க வேண்டும்.