இராசமணி அக்கா கிணறு இறைச்ச கதை

காட்டுக்குதிரையள் திரியிற எங்கட நெடுந்தீவில இராசமணி அக்காவைத் தெரியாத ஒரு குதிரையும் இல்லை. அவ வாய் திறந்தாவெண்டால் குறிகட்டுவானில இருந்து வாற லோஞ்சு பாதிக் கடலில திரும்பி ஓடும். கட்டின மனுசன் வவுனியாவில கடை போடப் போனவர், அந்த நிம்மதியில இன்னும் வரேல்லை. பிள்ளை குட்டி இல்லை. கொஞ்ச ஆடு, பக்கத்து வீட்டு அரியநாயகம் அண்ணையோட பங்குக் கிணறு, அதே அண்ணையோட ஒரு முடியாத சண்டை. இவ்வளவும்தான் அவவின்ர சொத்து.

அந்தக் கிணத்தில மட்டும்தான் நல்ல தண்ணி. மற்றக் கிணறுகளில மீனைப் போட்டால் கருவாடாத்தான் எடுக்கலாம்.

போன வருசம் பிரான்சில இருந்து தங்கச்சி கஜனி குடும்பத்தோட வந்து நிண்டவ. ஒருநாள் நயினாதீவுக் கோயிலுக்கு வெளிக்கிடேக்க, "அக்கா, பெடியங்கள் ரெண்டுபேரும் வரமாட்டினமாம், பாத்துக்கொள்" எண்டா.

"நீ போ. என்ர கண்ணைத் தாண்டி ஒரு எறும்பு போகாது."

கஜனி போய்க் கொஞ்ச நேரத்தில அரியநாயகம் அண்ணை கல்வேலிக்கு மேலால தலையை நீட்டி, ஆடு தன்ர முருங்கையைத் திண்டிட்டுதெண்டு கத்தினார். அக்கா விடுவாவோ? பாய்ஞ்சு போய்ச் சண்டை பிடிச்சுக் களைச்சுத் திரும்பினால், பெடியங்கள் கிணத்துக்குள்ள! இடுப்பளவு தண்ணிதான், உயிருக்கு ஒண்டுமில்லை. ஆனால் சாம்பூப் போத்தில் முழுக்க ஊத்திக் கலக்கி, நுரை கிணத்துக் கட்டுக்கு மேலால வழிஞ்சு இந்தியா வரைக்கும் போகுது.

அரியநாயகம் அண்ணை அக்காவை ஊர்ப் பிணக்குத் தீர்க்கிற இணக்கசபைக்கு இழுத்திட்டார்.

"பிள்ளையள் என்ரையில்லை. தாய் தேப்பன் பிரான்சுக்குப் போட்டினம், அங்க போய்க் கேளுங்கோ" எண்டா அக்கா.

"ஆற்ற பிள்ளையெண்டாலும் பாக்கிறனெண்டு பொறுப்பெடுத்தது நீர்தானே?" எண்டார் சபையில இருந்த ஐயா. "இஞ்ச இணங்காட்டில் வழக்கு கோட்டுக்குப் போகும்."

"அப்ப இவருக்குப் பொறுப்பில்லையோ? என்னை வேலியில மறிச்சு வைச்சது இவர்!"

"உம்மை ஆர் மறிச்சது?" எண்டார் அரியநாயகம் அண்ணை. "வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாமே."

"வாயை மூடுறதோ? நானோ?"

சபையே சிரிச்சிட்டுது. கடைசியில, அக்கா கிணத்தை இறைச்சுத் துப்பரவாக்கிக் குடுக்கிறதெண்டு முடிவாச்சு.

"வாளியால மெல்ல இறையும்" எண்டார் ஐயா. "மோட்டர் போட்டால் அடியில கிடக்கிற உப்பு ஏறும்." இது எங்கட தீவில பால்குடிப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயம்.

வெளியில வந்த உடன அரியநாயகம் அண்ணை விரலை நீட்டினார். "எனக்குக் கிணத்தின்ர அடி தெரியோணும். இல்லாட்டில் கோட்டில வழக்குத்தான்."

"அடியோ? உமக்குப் பாதாளமே காட்டுறன்!"

விடிய ரெண்டு மோட்டரை இறக்கினா. ஊரே கூடி, "அக்கா, உப்பேறப்போகுது, நிப்பாட்டுங்கோ" எண்டு கத்திச்சுது.

அக்கா வேலிக்கு மேலால, "என்ன, நிப்பாட்டட்டோ?" எண்டா.

அரியநாயகம் அண்ணை கதிரையில சாய்ஞ்சிருந்து, "அடி இன்னும் தெரியேல்லை" எண்டார்.

தெரிஞ்சுது. அடுத்தநாள் ஊறின தண்ணியை ரெண்டுபேரும் ஒரு வாய் வைச்சுப் பாத்திச்சினம். கடல்!

இப்ப நல்ல தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி வந்தால் அரியநாயகம் அண்ணை தண்ணிக் கானோட முதல் ஆளா நிக்கிறார். அக்கா ஒருநாள் வந்தவ, அவற்ற முதுகைக் கண்டிட்டு வெறும் கானோட திரும்பிட்டா.

"அந்தாளுக்குப் பின்னால நிக்கிறதிலும் பாக்க உப்புத் தேத்தண்ணி குடிக்கலாம்."

குடிக்கிறா. முகம் எலுமிச்சங்காயைக் கடிச்ச ஆடு மாதிரிக் கோணுது. ஆனால் ஒவ்வொரு மிடறுக்கும் வேலிப் பக்கம் திரும்பிச் சத்தமாச் சொல்லுறா: "ஆகா, என்ன இனிப்பு!"