மேஸ்திரியின் பெயர் என்ன?

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. காபி போட்டேன், குடிக்க மறந்தேன். எல்லாம் கைப்பேசியில் வந்த ஒரு படத்தால்தான். சென்னையில் படிக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ஆரணியின் பழைய வீடுகளையும் கட்டியவர்களையும் பற்றி ஆவணம் தொகுக்கிறாளாம். பழைய கோப்பில் கிடைத்த வீட்டு வரைபடம் ஒன்றைப் படம் பிடித்து, யாரிடமோ என் எண்ணை வாங்கி அனுப்பியிருந்தாள். கீழே சர்வேயரின் கையெழுத்து. "இந்த வீட்டைக் கட்டினது இவர்தானே மேடம்? இன்னைக்குச் சாயங்காலம் இணையத்துல ஏத்தணும்."

அது நான் வரைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த சர்வேயர் ஆபீசில் படம் வரைகிற வேலை எனக்கு. பார்த்ததும் கண் எரிந்தது. உருகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வரைபடத்தை பிரிண்ட் எடுக்கிற அம்மோனியாவின் நெடி ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சின்ன அறையில் எனக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். "பொண்ணுக்கு ஜலதோஷமா?" என்று பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள்.

என்ன சொல்ல வந்தேன்? வரைபடம். அப்போதெல்லாம் நம் ஊரில் வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் வரைபடம் போடுவார்கள், பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் கணிக்கிற மாதிரி. கரண்ட் கேட்டு எழுதும்போதுதான் காகிதத்தின் ஞாபகமே வரும். சர்வேயர் என்னிடம் டேப்பைக் கொடுத்து அனுப்புவார். எழும்பி நிற்கிற வீட்டை நான் அளந்து வந்து வரைவேன். அவர் கையெழுத்துப் போடுவார்.

உண்மையான வரைபடம் தரையில் இருந்தது. ஒரு வீட்டை அளக்கப் போனால், பக்கத்து மனையில் மேஸ்திரி அடுத்த வீட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். சுண்ணாம்புப் பொடியால் முழு வீட்டையும், நிஜ அளவிலேயே. வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து அதற்குள் நடந்து பார்ப்பார்கள். நெசவு செய்கிறவர் தறி வரப்போகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து, நூல் ஓட்டுகிற நாடாவை வெறுங்கையால் வீசிக் காட்டுவார். மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டே அவருடைய முழங்கையைப் பார்ப்பார். பிறகு சுவரைக் காலால் அழித்து ஒரு சாண் தள்ளிப் போடுவார்.

பொல்லாத கோபக்காரர். ஒருநாள் அவசரத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி நடந்துவிட்டேன்.

"ஏம்மா, இன்னா நீ, செவுத்துல பூந்து வந்துகினு கீற! வாசல் அந்தாண்ட கீதுல்ல!"

திரும்பிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத வாசல் வழியாக உள்ளே வந்தேன். சித்தாள்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இப்போது படத்தில் வந்திருப்பது அதே வீடு.

உடனே மாணவிக்கு போன் செய்தேன். "கட்டினவர் சர்வேயர் இல்லம்மா, மேஸ்திரி."

"மாத்திடலாம் மேடம். அவர் பேர் என்ன?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. வரவில்லை என்ன, தெரிந்திருந்தால்தானே வரும்? எல்லாருக்கும் அவர் மேஸ்திரி. எனக்கும்தான்.

அந்த வீட்டு மருமகள் சரசுவை அழைத்தேன்.

"அவரு பேரா? யாருக்குக்கா தெரியும்? மேஸ்திரி, மேஸ்திரின்னுதான் கூப்டுகினு இருந்தோம். வயசுல பெரியவர பேரு சொல்லியா கூப்டுவாங்க? எங்க மாமனாரு இருந்தா சொல்லியிருப்பாரு. கிரகப்பிரவேசத்துல மொத மரியாதையே அவருக்குத்தான். எங்க தறியில நெய்ஞ்ச பட்டு வேட்டி குடுத்தோம்."

"அவர் பிள்ளைங்க?"

"வீட்ட வித்துட்டு பெங்களூர் பக்கம் பூட்டாங்களாம். இன்னாத்துக்குக்கா இவ்ளோ பேஜாரு?"

பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. ஆட்டோ பிடித்து அவர் குடியிருந்த தெருவுக்குப் போனேன். கொத்தனார்கள் கூடுகிற டீக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. சிமெண்ட் கடை முதலாளிக்கு அவரைத் தெரிந்திருந்தது. குரலைக்கூட நடித்துக் காட்டினார். பெயர் கேட்டதும் தலையைச் சொறிந்தார். இன்னும் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் "நல்ல மனுஷன்" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீடு திரும்பும்போதே செய்தி வந்துவிட்டது. "சாரி மேடம். பேர் இல்லாம பதிய முடியாது. கையெழுத்து இருக்கறதால சர்வேயர் பேரையே போட்டுட்டேன்." கூடவே இணைப்பு. திறந்து பார்த்தேன். அழகாகத்தான் செய்திருக்கிறாள், குறை சொல்ல முடியாது. தெருத் தெருவாக வீடுகள், ஒவ்வொன்றின் கீழேயும் கட்டியவர் பெயர். எல்லாம் அந்த ஒரே பெயர்.

பெயர் சொல்லக் கூடாத அளவுக்கு அவரைப் பெரியவராக வைத்திருந்தோம். இனி யார் தேடினாலும், ஆரணியில் மேஸ்திரி என்று ஒருவர் இருந்ததே இல்லை.