சனி ஞாயிறு சொந்தக்காரர்கள்

எங்களைப் போலச் சொந்தக்காரர்கள் நிறைந்த குடும்பம் ஹைதராபாத்தில் வேறு இருந்திருக்காது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், பெட்டி படுக்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார்கள். தமிழ் பேசுகிறவர்கள் உண்டு, தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. ஒரு தீபாவளிக்குத் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சித்தப்பாகூட வந்து தங்கிப் போனார். அவர் எப்படி உங்களுக்குச் சொந்தம் என்று பக்கத்து நிலத்துக்காரர் கேட்டதற்கு, அவர் ரொம்ப நாள் வடக்கே இருந்துவிட்டார் என்றாள் அம்மா. எனக்கு அது போதுமான விளக்கமாகவே பட்டது.

அப்பாவுக்குக் காஞ்சன்பாக்கில் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்தும் நாங்கள் போகவில்லை. அங்கிருந்து வெகுதூரம் சைக்கிள் மிதித்தால் வரும், பாறையும் சீத்தாப்பழ மரங்களுமாகக் கிடந்த ஒரு நிலத்தில் இருந்தோம். அது அம்மாவின் பிடிவாதம். கல்யாணத்துக்குப் போட்ட நகைகளை விற்று அந்த நிலத்தை வாங்கியிருந்தாள். இரண்டு எருமைகள், கொஞ்சம் ஆடுகள், எண்ணவே முடியாதபடி ஓடிக்கொண்டிருந்த கோழிகள், ஒரு வான்கோழி. வான்கோழி இருந்தால் பாம்பு வராது என்று யாரோ சொல்லிக் கொடுத்தது. அது பாம்பை விரட்டி நான் பார்த்ததில்லை. மனிதர்களை நன்றாக விரட்டும்.

சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியதற்கு ஒரு கக்குவான் இருமல்தான் காரணம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. நல்ல காற்றும் ஆட்டுப்பாலும் வேண்டும் என்று டாக்டர் சொல்ல, தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். குழந்தை தேறிப் போய்விட்டது. அந்தச் செய்தி மல்காஜ்கிரி வரைக்கும் பரவி, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலும் பேச்சாகிவிட்டது. நாங்களும் வரலாமா, சும்மா வேண்டாம், கொடுப்பதைக் கொடுக்கிறோம் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், தரைக்கு ஷாபாத் கல் பரப்பி, இரண்டு அறைகள் கட்டிவிட்டாள். கிணற்று மோட்டாரில் குளியல், வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில், காலையில் நுரை அடங்காத பால், மத்தியானம் கோழிக் குழம்பு. சின்ன வீட்டில் புழுங்கிக் கிடந்தவர்களுக்கு அதுதான் ஊட்டி, அதுதான் கொடைக்கானல்.

ஒரே ஒரு சிக்கல். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் மேலிடத்து அனுமதி இல்லாமல் வேறு தொழில் எதுவும் நடத்தக்கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். அனுமதி கேட்கவும் அப்பாவுக்குப் பயம். கேட்டால் இத்தனை நாள் செய்தது என்ன என்று திருப்பிக் கேட்பார்களே. அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, சொந்தக்காரர்கள் வந்து தங்குவதற்கு எந்தக் கம்பெனியில் அனுமதி கேட்கிறார்கள் என்றாள். அதோடு விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து யார் பஸ்ஸை விட்டு இறங்கினாலும், அவர்கள் படலைத் திறப்பதற்குள் அம்மா ஒரு பார்வை பார்த்து உறவை முடிவு செய்துவிடுவாள். அப்பாவைவிட மூத்தவராகத் தெரிந்தால் பெரியப்பா, இளையவர் என்றால் சித்தப்பா, தனியாக வரும் பெண்கள் அத்தை. நான் அதை உரக்கச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தில் காதில் விழ வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம். இவர்கள் நிஜமான சொந்தம் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் வெளியே உளறிவிடுவேன் என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் நண்பர் ஒருவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு தலைதெறிக்க வந்தார். யாரோ அப்பாவைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள், விசாரிப்பதற்கு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார், அவரும் தமிழர்தானாம், ஆனால் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று சொல்லிவிட்டு, வண்டியை அணைக்காமலே திரும்பிப் போய்விட்டார். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வேலையை நம்பித்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேலூர்ப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர். திரும்பிப் போவதற்கு அங்கே ஒரு வாசல்படிகூட இல்லை.

அன்றைக்கு இரண்டு குடும்பங்கள் தங்கியிருந்தன. ஒன்று மல்காஜ்கிரியிலிருந்து வந்த தெலுங்குச் சித்தப்பாவும் சித்தியும். இன்னொன்று மெட்டுகுடாவில் இருந்த ரயில்வே குமாஸ்தாவும் அவர் மனைவியும். அந்த அம்மாள் முந்தைய கோடையில் தனியாக வந்து ஒரு வாரம் இருந்தவள். அப்போதே அத்தை ஆகிவிட்டாள். கணவரை இப்போதுதான் முதல்முறையாக அழைத்து வந்திருந்தாள். நல்ல உயரம், முன்வழுக்கை. அம்மா பார்த்ததும் பெரியப்பா என்று சொல்லிவிட்டாள்.

அனுப்பிவிடலாம் என்றால் சாயங்காலம்வரை பஸ் கிடையாது. அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அம்மா வேப்பமரத்தடியைப் பார்த்தாள். நான்கு பேரும் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார்கள். எந்தச் சொந்தக்காரர் இப்படிப் படுத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேராகப் போய் நிலைமையைச் சொல்லி, ஆளுக்கொரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டாள். அத்தைக்கு ஒரு முறம் வெங்காயம். சித்திக்கு அம்மிக்கல். சித்தப்பாவுக்குத் தீவனம் வெட்டும் அரிவாள். பெரியப்பாவிடம் எருமையின் கயிறு. ஓய்வெடுப்பதற்காக வந்தவர்கள் பாவம், மறுபேச்சில்லாமல் எழுந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான்.

ஜீப் வந்து நின்றபோது நடந்ததை அம்மாவால்கூடத் தடுத்திருக்க முடியாது. எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எருமை இழுக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. அது அவரை வாய்க்கால் வழியாக இழுத்துக்கொண்டு போனது. பின்னாலேயே வான்கோழி இறக்கையை விரித்துக்கொண்டு அவர் வேட்டியைக் குறிவைத்து ஓடியது. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்காமல் அதை முழுவதும் பார்த்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை. பிறகு மெதுவாக இறங்கி வந்து, அவர் யார் என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா, கூடப் பிறந்த அண்ணன் என்றார்.

"வான்கோழிக்குத் தெரியலை போலிருக்கே."

"வருஷத்துக்கு ஒருவாட்டிதான் சார் வருவாரு" என்றார் அப்பா.

அதிகாரி மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தார். அறைகளைப் பார்த்தார். ஷாபாத் கல்லைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். தீவனத்தோடு சேர்த்துத் தன் செருப்பு வாரையும் வெட்டிக்கொண்டு நின்ற சித்தப்பாவைப் பார்த்து வணக்கம் சொன்னார். சித்தப்பா தெலுங்கில் பதில் வணக்கம் சொன்னார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"நிலம் என் பேர்ல இருக்குதுங்க. மாடு, ஆடு, இந்த ரூமு, எல்லாம் நான் பாத்துக்கறதுதான். வர்றவங்களுக்கு ஆக்கிப் போடறதும் நான்தான். அவரு காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்றாரு. கேக்கறதை என்னைக் கேளுங்க."

அவள் அப்படி அந்நிய மனிதர் ஒருவரிடம் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. அதிகாரி, இன்னும் கொஞ்சம் மோர் கிடைக்குமா என்று கேட்டார்.

அம்மா உள்ளே போனதும் அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் படித்தது தெலுங்குப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் படித்த பள்ளிக்கூடம். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் ஆமாம், வேண்டாம் என்பதற்கு முதலில் ஹவ், நக்கோ என்றுதான் வரும். இவர்கள் எல்லாம் அடிக்கடி வருவார்களா என்று கேட்டார். ஹவ் என்று தலையாட்டினேன். வந்தால் உனக்குச் சந்தோஷமா என்றார்.

"நக்கோ" என்றேன். ஏன் என்று கேட்டதும் என் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "என் கட்டிலை எடுத்துக்குவாங்க. கொழம்புல நல்ல துண்டெல்லாம் அவங்களுக்குத்தான். அவங்க முன்னாடியே அம்மா என்னைத் திட்டுவா. போறப்ப சீத்தாப்பழத்தையும் பறிச்சிட்டுப் போயிடுவாங்க."

"அப்ப சொந்தக்காரங்கதான்" என்றார் அவர்.

அப்பா சிரித்தார். அவ்வளவு சத்தமாகச் சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்போடு எழுந்து போயிருக்கலாம் அந்த மனிதர். ஆனால் வெங்காயம் உரித்து உரித்துக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, இவங்க யார் என்று கேட்டார். அத்தை என்றேன். அப்பா கூடப் பிறந்தவங்களா என்றார். ஹவ். அத்தைக்கு வீட்டுக்காரர் வரவில்லையா என்றார். பதில் தெரிந்த கேள்வி வந்ததில் எனக்கு ஒரே உற்சாகம். முட்டிவரை சேறாக, எருமைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவரைக் கைநீட்டிக் காட்டினேன்.

"அதோ, பெரியப்பா."

வெங்காயம் உரித்த கை நின்றது. அம்மி நின்றது. தமிழே தெரியாத சித்தப்பாகூட ஏதோ ஆகிவிட்டது என்று அரிவாளைக் கீழே வைத்தார். அப்பாவின் அண்ணனுக்கு அப்பாவின் தங்கையையே கட்டிவைத்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற பெருமையில் நான் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். மோரோடு வந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை, பிறகு அந்த இரண்டு அறைகளை, கடைசியாக, பெரியப்பாவின் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த எருமையை. அந்த எருமைக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. எனக்கு அலுத்துப்போய் நான் கோழியைத் துரத்தலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் அம்மாவின் கையிலிருந்த மோரை வாங்கி, நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அப்பாவும் பின்னாலேயே ஓடி வந்தார்.

"பெரியப்பா வீட்டுக்காரி அத்தை இல்லம்மா. பெரியம்மா. ஞாபகம் வெச்சுக்கோ. இன்னொருத்தர் வந்து கேட்டா சரியாச் சொல்லணும்."

இதை என்னிடம்தான் சொன்னார். ஆனால் பார்த்தது அப்பாவை. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அத்தை, அதாவது பெரியம்மா, அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை வெங்காயம் கையில் இல்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு ஞாபகம் வந்தவளாக உலையில் இன்னும் ஒரு படி அரிசியைப் போட்டாள். பெரியப்பா எருமையைக் கட்ட மாட்டேன், இன்னும் கொஞ்சம் நடத்திக் கூட்டி வருகிறேன் என்று அடம்பிடித்தார். மத்தியானம் சாப்பிடும்போது வந்தவர்களே எழுந்து பரிமாறினார்கள். கோழிக் குழம்பில் நல்ல துண்டு எது என்று பார்த்துப் பார்த்து என் தட்டில் போட்டார்கள். தப்பாகச் சொன்னதற்கு அடி விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அந்தத் துண்டு தொண்டையில் இறங்கவில்லை.

எனக்கு அந்த அதிகாரிமேல் தாங்க முடியாத கோபம். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒரே ஒரு தப்பைக் கண்டுபிடித்து, அதை அப்பா முன்னாலேயே சொல்லிக் காட்டிவிட்டுப் போய்விட்டாரே என்று இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற இன்ஸ்பெக்டர்கூட அப்படிச் செய்ததில்லை.

சாப்பிடும் இடத்தில் அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஈரம், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. என்னால்தான் என்று புரிந்தது. பக்கத்தில் போய், இனிமேல் தப்பாகச் சொல்ல மாட்டேன், பெரியப்பா வீட்டுக்காரி பெரியம்மா, சித்தப்பா வீட்டுக்காரி சித்தி என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அப்பா என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டார். நான் ஒப்பிக்க ஒப்பிக்க இன்னும் அதிகமாகக் குலுங்கினார்.

அந்த ஜீப்காரர் ரொம்பக் கெட்டவர் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். உறவுமுறையில் ஒன்றே ஒன்றைப் பிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டதற்கு ஒரு மனிதர் இவ்வளவு அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. பாவாடை நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.