அளந்துதான் சொன்னேன்

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி வாட்ச்மேன் போன் செய்தார். "அண்ணே, ஹபீப் சார் மௌத்தாயிட்டாங்களாம். நேத்து லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமும் முடிஞ்சிருச்சாம்."

தஞ்சாவூரிலிருந்து அவர் ஊரான பேராவூரணி அப்படி ஒன்றும் தூரமில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணமான காரியத்துக்காக நான் வருந்தவில்லை என்பதை, அவரை அறிந்த உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேதியியல் துறையின் காகிதங்களில் நான் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன். சேர்மங்களின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர் கருவியை மேனுவலையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகவே கற்றேன். ஹபீப் சார் பேராசிரியராகச் சேர்ந்த அன்று, "இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன். என்னைவிட நான்கு வயது இளையவர். கோபப்படவில்லை. "நீங்க சொல்லுங்கண்ணே. தப்பிருந்தா நான் சொல்றேன்" என்றார்.

சொன்னேன். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு பொடிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால், எதிர்த்து நிற்பவற்றைவிட இணங்கி நிற்பவை கொஞ்சம் அதிகமாக இருக்கும். சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலை கொடுத்தால் நிலை குலையும். திரும்பும்போது அது குரல் கொடுக்கும். சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் இடத்துக்கு இடம் வேறு அளவில் மறைப்பதால் குரலும் சற்று மாறும். அந்தக் குரல்தான் தாளில் பீக்காக, கூரான முகடாக எழுகிறது.

"ஒண்ண விட்டுட்டீங்க. பக்கத்துல எத்தனை ஹைட்ரஜன் இருக்கோ, அதோட ஒண்ணு கூட்டின கணக்குல பீக் பிரியும். சாராயத்துல பாருங்க, ஒண்ணு மூணாப் பிரியும், ஒண்ணு நாலாப் பிரியும்."

"சாராயத்தப் பத்தி உங்ககிட்ட கேட்டுக்க வேண்டியதாப் போச்சே சார்" என்றேன். வெகு நேரம் சிரித்தார்.

ஒருமுறை நொச்சி இலைச் சாற்றில் புதிய சேர்மம் கிடைத்ததாகக் கட்டுரை தயாராயிற்று. ஸ்பெக்ட்ரத்தில் ஒற்றையாக நின்ற ஒரு பீக்கை நம்பித்தான் எல்லாம். "அது அசிட்டோன் சார். ட்யூப நான்தான் அதுல கழுவினேன். அவசரத்துல சரியாக் காயவைக்கல" என்றேன். "ட்யூப் கழுவுறவரு பேப்பர் திருத்துறாரா?" என்றார் ஓர் ஆய்வு மாணவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹபீப் சார் மட்டும் கேட்டார்: "அளந்துதானே சொல்றீங்க?"

"அதே சாம்பிளக் காஞ்ச ட்யூப்ல போட்டுப் பாத்துட்டுத்தான் சார் சொல்றேன். பீக் இல்ல."

அவரே மறுபடி ஓட்டிப் பார்த்தார். பீக் இல்லை. கட்டுரையை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த கட்டுரைகள் எதிலும் என் பெயரைப் போடவில்லை. கேட்டதற்கு, "போட்டாலும் எடுத்துருவாங்கண்ணே" என்றார். போட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

அந்தக் காந்தத்தின் சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கியே கிடக்க வேண்டும். மட்டம் இறங்கினால் சுருள் சூடேறிக் காந்த சக்தி போய்விடும். ஓய்வுபெற்று நோயில் விழுந்த பிறகும் அவர் திங்கட்கிழமைதோறும் போன் செய்வார். வேறு ஆள் இல்லாததால், ஓய்வு வயது தாண்டியும் என்னை வேலையில் வைத்திருந்தார்கள். "மட்டம் எவ்வளவுண்ணே?" என்பார். சொல்வேன். ஒவ்வொரு வாரமும் மட்டம் இறங்கிக்கொண்டேதான் வந்தது. ஹீலியம் கேட்டு ஆறு கடிதம் கொடுத்தேன். "மேல அனுப்பியிருக்கு" என்பதே பதில். ஒரு பிற்பகல் மிச்சமிருந்த ஹீலியமும் கருவியின் உச்சியிலிருந்து வெண்புகையாகச் சீறிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

சாரின் மனைவி என்னைப் போனில் அழைத்தார். "அண்ணே, அவங்க உடம்பு தாங்காது. ஹீலியம் வந்துருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

திங்களன்று சார் வழக்கம்போல் மட்டம் கேட்டார்.

"சைபர் சார். காந்தம் போயிருச்சு."

"அளந்துதானே சொல்றீங்க?"

"அளந்துதான் சார்."

"சரிண்ணே."

அடுத்த திங்கள் போன் வரவில்லை. அதற்கடுத்த திங்கள் அடக்கம்.

அந்த அம்மா என்னை மன்னிக்க மாட்டார். நானும் கேட்கப் போவதில்லை. அசிட்டோனை அசிட்டோன் என்று ஒப்புக்கொண்ட மனிதருக்கு வேறு எதைச் சொல்வது? கருவி வெறும் எஃகுப் பீப்பாயாக நிற்கிறது. புதிது வராது. யாரும் கேட்கவும் இல்லை.

மற்றவர்கள் என் பேச்சைக் கேட்குமுன்பே சிரித்தார்கள். அளந்தேனா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. அளக்கத்தான் ஒன்றுமில்லை.