மைக்கை முதலில் தொட்ட புறங்கை

சாரல் பிடித்த காலையில் காஜா அண்ணாச்சி வீட்டு மதினியின் போன் வந்தது. "ஒங்க அண்ணன் எந்திரிக்கல தங்கச்சி" என்றார். குற்றாலத்து அருவிக்கரையில் ஒலிபெருக்கி அமைத்துவந்த காஜா அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்கு உடனே அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி மைக்கை யார் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள்?

அவரோடு பழகி, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கிற உங்களுக்கு இந்தக் கேள்வி புரியும். நான் அங்கே அறிவிப்பாளர். ஈரத்தரையில் நின்று இரும்பு மைக்கைப் பிடிக்கிற வேலை. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் மின்கசிவு இருந்தால் என் கதி அதோகதிதான். அண்ணாச்சி டெஸ்டர் வைத்துப் பார்ப்பார், எர்த் கம்பியை இழுத்துப் பார்ப்பார். அப்போதும் மனம் ஆறாமல் புறங்கையால் மைக்கைத் தொட்ட பிறகே என்னிடம் தருவார். "உள்ளங்கைன்னா சுருண்டு பிடிச்சுக்கிடும்மா. பொறங்கைன்னா உதறி விட்டுரும்."

ஒயர் இல்லாத மைக் வாங்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. "ஒயர் அறுந்தா எங்கன அறுந்துச்சுன்னு தடவிப் பாத்துக்கிடலாம். காத்துல அறுந்தா எங்க போய்த் தேடுதது?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். சாயங்காலம் ஒயரை உலர்ந்த துணியால் துடைத்து, தளர்வான வளையங்களாகச் சுற்றி வைப்பார். யாராவது முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் அன்று முழுக்க அவர்களோடு பேசமாட்டார்.

மைக்கை ஊதிப் பார்க்கவும் விடமாட்டார். "வெளியே வாருங்கள்" என்று சொல்லி யாரும் சோதிக்கக் கூடாது. தினமும் கேட்டால் குளிக்கிறவர்களுக்கு அது பழகிவிடும் என்பார். "பயப்படுத வார்த்தைய பயம் வரும்போதுதான் எடுக்கணும்." அதனால் பஸ் போகிற ஊர்களின் பேரைச் சொல்லித்தான் சோதிப்போம்.

அந்தப் பயம் ஒருநாள் வந்தது. அருவித் தண்ணீர் கண்ணெதிரே செம்மண் நிறமானது, சத்தம் கனத்தது; மலையிலிருந்து வெள்ளம் வருகிறது என்று தெரிந்துவிட்டது. "எல்லாரும் உடனே" என்று நான் தொடங்கியதும் மைக் செத்துவிட்டது. கூட்டம் மிதித்து மிதித்து ஒயரின் இணைப்பு கழன்றிருந்தது. கீழே குளிக்க வந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அண்ணாச்சி குனிந்து ஒயரைத் தடவிக்கொண்டே ஓடினார். இணைப்பைக் கண்டுபிடித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். "பேசு தாயி, கைய எடுக்கமாட்டேன், பேசு."

பேசினேன். கடைசி ஆள் கரையேறும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு அவர் டீயை ஆறவிட்டு, அந்த இணைப்பின் மேல் திரும்பத் திரும்ப டேப் சுற்றிக்கொண்டிருந்தார். "பயந்துட்டீங்களா அண்ணாச்சி?" என்றேன். "பயப்படாதவன் இந்த மைக்கத் தொடவே கூடாது" என்றார்.

தென்காசியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அடக்கம் முடிந்ததும் அருவிக்குத் திரும்பினேன். சாரல் கூட்டம் நிறைய இருந்தது. அவர் இடத்துக்குப் புதிதாக வந்தவர், "எல்லாம் சரியா இருக்குக்கா, பிடிங்க" என்று மைக்கை நீட்டினார். டெஸ்டரை வைக்கச் சொன்னேன். எர்த் கம்பியை நானே இழுத்துப் பார்த்தேன். பிறகு புறங்கையால் தொட்டேன். மைக் குளிர்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை.

"தென்காசி, பாவூர்சத்திரம், திருநெல்வேலி" என்றேன். குரல் உடைந்தது. அருவியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'வெளியே வாருங்கள்' என்ற அந்த வார்த்தை இன்னும் வீணாகச் செலவாகாமல் என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சியின் பயமும் இருக்கிறது.